இடது கைக்கு வந்த சோதனை

"அந்தக் கையால தூக்காதீங்கன்னா கேக்குறீங்களா?"

மனைவி போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். ரொட்டி மாஸ்டர் காதில் மட்டும் விழவில்லை. தண்ணீர் வாளியை இடது கையாலேயே தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்தார். வலது கையை நெஞ்சோடு பத்திரமாக அணைத்திருந்தார்.

பேக்கரி அடுப்பிலிருந்து இழுத்த தட்டு சரிந்து, அவருடைய இரண்டு முன்னங்கையும் ஒரே மாதிரி வெந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளைக் கட்டு. உள்ளே இருக்கும் மருந்துதான் வேறு வேறு.

ஒரு கையில் ஆஸ்பத்திரியின் பழைய களிம்பு. இன்னொன்றில் புதிதாக வந்த மருந்துத் துணி. வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுணுக்கித் துணியில் ஏற்றியிருக்கிறார்களாம். கிருமியைக் கிட்டவே அண்ட விடாதாம், புண் சீக்கிரம் ஆறுமாம். இரண்டில் எது தேவலை என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

எந்தக் கையில் எது என்று நர்ஸுக்கு மட்டும்தான் தெரியும். கட்டு மாற்றும்போது மாஸ்டரின் கண்ணைத் துண்டால் மூடிவிடுவார்கள். புண்ணை அளக்கிற டாக்டருக்குக்கூடச் சொல்வதில்லை.

இதில் ஒரு வில்லங்கம். அந்த வெள்ளித் துணியை ஆறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கியது மாஸ்டரின் மாப்பிள்ளை. சொல்லாமல் கொள்ளாமல் மகளைக் கல்யாணம் செய்துகொண்ட அதே மாப்பிள்ளை. இரண்டு வருஷமாக மாஸ்டர் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் பேச்சு வந்தாலும் 'அந்தப் பவுடர்காரன்'தான்.

அப்பேர்ப்பட்டவர், இந்தச் சோதனைக்கு ஆள் வேண்டும் என்று டாக்டர் கேட்டதும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அப்போதே மனைவிக்குச் சந்தேகம் தட்டியது.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. எந்தக் கை என்று மனுஷன் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். மாப்பிள்ளையின் மருந்து மண்ணைக் கவ்வட்டும் என்றுதான் இடது கையை இந்தப் பாடு படுத்துகிறார்! மருந்து தோற்றால் ஆறு வருஷ உழைப்பு போச்சு. அப்புறம் மகள் இந்த வாசலை மிதிப்பாளா?

"ஏங்க, அது நாம பெத்த பொண்ணோட குடும்பம். அந்தக் கையையும் கொஞ்சம் பத்திரமா வச்சுக்கக் கூடாதா?"

"என் கை. நான் என்ன வேணாலும் பண்ணுவேன்."

"அப்போ வலது கைக்கு மட்டும் என்ன ராஜ மரியாதை?"

"உன் வேலையைப் பாரு."

வலது கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்தார். இடது கையைத் தனக்கு அடியில் போட்டு அழுத்திக்கொண்டார். கல்நெஞ்சக்காரர் என்று மனைவி வாய்விட்டே திட்டினாள்.

கடைசி நாள். டாக்டர் இரண்டு கையையும் அளந்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வலது கை பரவாயில்ல, இன்னும் ஒரு வாரம் ஆகும். இடது கையைப் பாருங்க, சுத்தமா மூடிடுச்சு. புதுத் தோலே வந்தாச்சு!"

மனைவிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. வாளி, தலையணை என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

டாக்டர் தலையில் கை வைத்தார். "என்ன மாஸ்டர் இது? இனிமே உங்க கணக்கை நாங்க ஆராய்ச்சியில சேர்க்கவே முடியாதே!"



"சேர்க்க வேணாம் டாக்டர். எந்தக் கையில எதுன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க, எனக்கு அது போதும்" என்றாள் மனைவி.

நர்ஸ் தன் குறிப்பேட்டைப் பிரித்தாள். "இடது கையில வெள்ளி. வலது கையில களிம்பு."

மனைவிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா! நீங்க குழி பறிச்சும் என் மாப்பிள்ளை ஜெயிச்சுட்டார். இப்பவாவது வெக்கமா இருக்கா உங்களுக்கு?"

மாஸ்டர் இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். அசடு வழிய மனைவியைப் பார்த்தார்.

"வலது கைதாண்டி ஜில்லுனு இருந்துச்சு. அதுதான் மாப்பிள்ளையோட மருந்துன்னு நெனச்சு, அவர் ஜெயிக்கணும்னுதானே இந்தக் கையைப் போட்டு இந்தப் பாடு படுத்தினேன்!"