இன்றைக்கு மட்டும்

"என்னங்க, நம்ம மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அடுத்த தெருவிலதானே இருக்கு? வண்டியை ஏன் இந்தப் பக்கம் விடச் சொல்றீங்க?"

பின்சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்த தாளாளர், அந்த வலியிலும் மனைவியை முறைத்தார்.

"அங்கேயா? என்னை ஒரேயடியா அனுப்பி வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"நீங்க கட்டினதுதானே?"

"கட்டினவன் சொல்றேன், கேளு. சுவர் இருக்கு, கட்டில் இருக்கு. பெரிய டாக்டர் யார் இருக்கா?"

"வரிசையா பேராசிரியர்னு பலகை தொங்குதே!"

"பலகை தினமும் தொங்கும். ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் வருவார்."

இன்றைக்கு அந்த இன்ஸ்பெக்‌ஷன்தான். ஒருநாள் பேராசிரியர்களைப் பிடித்துவந்து நாற்காலி நிரப்புவதில் மேனேஜர் பலே கில்லாடி. யாரை, எங்கே பிடிக்கிறான், வருகிறவர் நிஜ டாக்டர்தானா என்றுகூடத் தாளாளர் கேட்டுக்கொள்வதே இல்லை.

"அப்போ பிள்ளைங்களுக்குப் பாடம்?"

"மேல் வகுப்புக்காரன் கீழ் வகுப்புக்காரனுக்குச் சொல்லிக் கொடுப்பான்."

"வர்ற நோயாளிங்களுக்கும் நெஞ்சுதானேங்க வலிக்கும்?"

தாளாளருக்குச் சட்டென்று வலி கூடிவிட்டது. கண்களை மூடிக்கொண்டார்.

ஊரின் மறுகோடியில் இருந்த பழைய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுத்ததும்தான் அவருக்கு உயிர் வந்தது.

"இதய டாக்டர், பெரியவர், அவரைக் கூப்பிடும்மா. மருத்துவக் கல்லூரி தாளாளர் வந்திருக்கேன்னு சொல்லு."

நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தபடியே நர்ஸ் சொன்னாள்: "அவர் இன்னைக்கு லீவு சார்."

"அடுத்தவர்?"

"சீனியர் எல்லாருமே லீவு. காலையில ஒரே வேன்ல போனாங்க. சின்ன டாக்டர் இருக்கார், வரச் சொல்றேன்."

"எங்கே படிச்சவர்?"

"உங்க காலேஜ்தான் சார்!"

"ஐயையோ, வேணாம்!"

போன் அடித்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். மேனேஜருக்குக் குதூகலம் தாங்கவில்லை.

"சார், பாஸ் பண்ணிட்டோம்! இந்தத் தடவை அந்தப் பழைய ஆஸ்பத்திரியையே வேனோட அள்ளிட்டு வந்துட்டேன். இதய டாக்டர் இருக்காரே, ஊர்லயே பெரிய கை. பாவம், வேலையே இல்லாம கொட்டாவி விட்டுட்டு உட்கார்ந்திருக்கார். டீ கொடுத்து அனுப்பிடட்டுமா சார்?"

"டேய்... அனுப்பிடாதேடா!"

மனைவி ஸ்ட்ரெச்சர்க்காரரைப் பார்த்தாள்.

"திரும்பவும் வண்டியில ஏத்துங்கப்பா. எங்க ஆஸ்பத்திரியில இன்னைக்கு மட்டும் டாக்டர் இருக்காராம்."