மெட்டில் இடிக்கும் மரியாதை

“முதல்ல நீங்க பாடுங்க” என்று கிளி சொன்னதும் இசையமைப்பாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

கிளி அப்படிச் சொன்னது கட்டையிடம். ஆறு வருடமாக ஒரே மைக்கின் முன்னால் நின்று பாடும் ஜோடி அது. அவள் குரல் கீச்சு, அவன் குரல் கனம். அதனால் ஜோடிக்குப் பெயரே ‘கிளியும் கட்டையும்’. இந்த ஆறு வருடத்தில் அவள் அவனை “டேய்”, “தடியா”, “எருமை” தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

கிளி மரியாதை கொடுத்தால் ஆபத்து. போன வருடம் டிரம்ஸ்காரனை ஒருநாள் “நீங்க” என்றாள். மறுவாரம் அவன் வேறு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தான்.

“டேக் போலாமா?” என்றார் இசையமைப்பாளர், எதையும் கவனிக்காதவர் போல.

பாட்டு, பிரிவுப் பாட்டு. காதலன் போய்விட்டான், காதலி உருகுகிறாள். கிளியும் கண்ணை மூடிக்கொண்டு நன்றாகவே உருகினாள். “நீங்க இல்லாத வீட்டில் நானே பாதி...”

“கட்! ‘நீ’ இல்லாத வீட்டில். மெட்டுக்குள்ள ‘ங்க’வுக்கு இடமில்லம்மா.”

“சாரி சார்.”

மறுபடியும் ‘நீங்க’. மூன்றாவது தடவையும் ‘நீங்க’. கட்டை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாவம், காதெல்லாம் சிவந்துவிட்டது.

இசையமைப்பாளர் இடைவேளை விட்டு அவனை ஓரம் கட்டினார். “என்னடா பண்ணித் தொலைச்சே?”

“ஒண்ணும் பண்ணல சார்.”

“ஒண்ணும் பண்ணாமலா இவ்வளவு மரியாதை?”

“அவளையே கேளுங்க சார்” என்று நழுவினான் கட்டை.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து இந்தப் பாட்டை எழுதி மெட்டுப் போட்டவர் அவர்தான். வேளை கெட்ட நேரத்தில் எழுதிய பிரிவு பலித்தே விட்டதா? ஜோடி உடைந்தால் பழையபடி சோப்பு விளம்பரத்துக்கு டியூன் போடப் போக வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை. பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்த இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகப் போவதை அவரால் தாங்க முடியாது.

அந்த நேரம் பார்த்து கட்டைக்குப் போன் வந்தது. “சொல்லும்மா” என்றான். நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்த கிளி விருட்டென்று எழுந்து நின்றாள்.

கிளம்பியே விட்டாள் என்று பதறி, இசையமைப்பாளர் ஓடிப்போய்க் கதவை மறித்தார்.

“அவன் என்ன தப்பு பண்ணியிருந்தாலும் எனக்காக மன்னிச்சிடும்மா. பாட்டு கெடக்குது, தூக்கிப் போட்டுடறேன். பழையபடி ஒரே ஒரு தடவை அவனை ‘டேய்’னு கூப்பிடு!” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஐயோ, அது மட்டும் முடியாது சார்! காலையிலேர்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பழகிட்டிருக்கேன். இப்ப ‘டேய்’னு ஆரம்பிச்சா சாயங்காலமும் வாயில அதுதான் வரும்.”

“சாயங்காலம் என்ன?”

கட்டை போனை வைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான். கிளி குரலைத் தாழ்த்தினாள்.

“இவங்க அம்மா எங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வராங்க சார்!”