திருப்பும்போது வரும் சத்தம்

“என் காது பொய் சொல்லுதா, இல்ல இவ காது பொய் சொல்லுதா? நீயே கேட்டுச் சொல்லு!”

சர்வீஸ் சென்டர் மேசையைச் சாவியால் தட்டித் தட்டிக் கத்தினார் அந்தக் கார்க்காரர். பக்கத்தில் கைப்பையை மார்போடு அணைத்தபடி, மூக்குக் கண்ணாடி போட்ட அவர் மனைவி நின்றிருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க,” என்றாள் அவள், மெக்கானிக்கைப் பார்த்து. “வண்டி நல்லாத்தான் ஓடுது.”

“பாத்தியா? மூணு மாசமா இதே பல்லவி. பொண்ணைக் கேட்டா அவளுக்கும் கேக்கலையாம். குடும்பமே செவிடு!”

மெக்கானிக்குக்குக் காலையிலேயே எரிச்சல். தன் வயதுக்காரனை எடுத்த எடுப்பில் ‘நீ’ போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. ஆனாலும் வேலை வேலைதான்.

“எப்ப சார் வருது?”

“ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பும்போது. வீட்டு கேட்டுக்குள்ள நுழையறப்போ தெருமுனை வரைக்கும் கேக்குது. பேட்டரி வண்டி, சத்தமே இருக்காதுன்னு சொல்லித்தானே என் தலையில கட்டுனீங்க?”

“இன்ஜின் சத்தம் இல்லாததாலதான் சார் மத்ததெல்லாம் பெருசா கேக்குது…”

“பாடம் எடுக்காத. சரி பண்ணு!”

வண்டியை முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஓட்டியது அவர், பக்கத்தில் மெக்கானிக், பின்னால் மனைவி. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுசாகத் திருப்பியதும் ‘க்ர்ர்ரீச்… டொக்’ என்று அடியிலிருந்து வந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது.

“இப்ப?” என்று பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி வழியாக மனைவியை முறைத்தார்.

“கேக்கலைங்க.”

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். நாய்க்குக் கேட்டது இந்த அம்மாவுக்குக் கேட்கவில்லையாம். செலவுக்குப் பயந்து மழுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கில் கையை வைத்தான். “மெதுவா திருப்புங்க சார்,” என்றான். அவர் ஒரே வெட்டாக வெட்டித் திருப்பினார். விரல் மயிரிழையில் தப்பியது.

“மெதுவான்னு சொன்னேன் சார்!”

“மெதுவாத்தான்யா திருப்புனேன்! என்னையே அதட்டறியா?”

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை கையை வைத்துப் பார்த்தான். ஸ்பிரிங் சக்கரத்தோடு வழுக்கிக்கொண்டு திரும்பாமல் சிக்கிச் சிக்கித் துள்ளியது. கழற்றிப் பார்த்தபோது அதன் உச்சியில் இருந்த பேரிங்கில் தண்ணீர் இறங்கி, துருப்பிடித்துப் போயிருந்தது.

புதுசு மாட்ட இரண்டு மணி நேரம் ஆகும் என்றதற்கு அவர் ஒரு பாட்டம் கத்தினார். பிறகு வெளியே போய் போனில் வேறு யாரிடமோ கத்தத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள்.

“அதை மாத்தலைன்னா ஆபத்துங்களா?”

“இப்போதைக்கு ஆபத்து இல்லம்மா. சத்தம்தான்.”

“அப்ப மாத்த வேணாமே. மாத்திட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க.”

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பொய் சொல்லச் சொல்றீங்களா? இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். என் கைக்கு வந்த வண்டி சத்தத்தோட வெளிய போனதில்ல!”

அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலை முடிந்து மறுபடி ஒரு சுற்று. இடப்பக்கம், வலப்பக்கம், எப்படி ஒடித்தாலும் ஒரு முனகல் இல்லை. அன்றைக்கு முதல் தடவையாகக் கார்க்காரர் சிரித்தார்.

“பூனை மாதிரி போகுதுய்யா!”

பின்சீட்டில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் அவள் நின்றிருந்தாள், தனியாக. மெக்கானிக்குக்குச் சுர்ரென்று ஏறியது.

“நேத்து அவர் கத்துனாரு, இன்னிக்கு நீங்களா? என்ன, மறுபடி சத்தம் வருதா?”

“வரல.” அவள் குரலும் ஏறியது. “வேணாம்னு அவ்வளவு சொன்னேனே, கேட்டீங்களா? உங்களுக்கு உங்க வேலைதான் பெருசு!”

“சத்தம் போனதுக்கா சண்டைக்கு வந்திருக்கீங்க?”

“நேத்து சாயங்காலம் வண்டி உள்ள வந்ததே தெரியல. பொண்ணு பாட்டைப் போட்டு ஆடிக்கிட்டு இருந்தா. நானும் பக்கத்துல நின்னு கைதட்டிக்கிட்டு…”

மேலே சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். அதன் ஒரு பக்கம் உடைந்து, டேப் சுற்றி நின்றது. நேற்று அது இப்படி இல்லை என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். கண்ணாடிக்குக் கீழே கன்னம் கன்றியிருந்ததைப் பார்த்ததும் அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

“அந்தப் பழைய பேரிங்கைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?” என்றாள்.

“இல்லம்மா, இங்கதான் கிடக்கு.”

“ஏதாவது சொல்லி அடுத்த வாரம் வண்டியை அனுப்பறேன். அதையே திரும்ப மாட்டிடுங்க.”

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

“அவர் வர்றது எங்களுக்குக் கேக்கணும்.”