மேஜைக்கடியில் தெரிந்தது

ஊரின் முதல் கிறிஸ்தவ டிவிக்கு அன்றுதான் முதல் நேரலை! சபையின் பின்னறையில் பாஸ்டர் ஆசீர், "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றதும், கேமராவைப் பிடித்திருந்த கிப்சனும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிவிட்டான். கேமரா மெல்லத் தலைகவிழ்ந்தது. ஆமென் சொல்லிக் கண் திறந்தால், டிவியில் தெரிவதெல்லாம் மேஜைக்கடியில் வெடவெடவென நடுங்கும் பாஸ்டரின் முழங்கால்கள்.

"விடுங்க பாஸ்டர், ஜெபத்துல யாரு கண்ணத் தொறந்து பாத்திருக்கப் போறா?" என்றான் கிப்சன்.

உடனே போன் அடித்தது. முதல் நேயர்! அறையே துள்ளியது.

"நான் கண்ண மூடல," என்றது ஒரு பெண்குரல். "அவ்வளவு பயமா பாஸ்டர்?"

"ஆமாம்மா."

"எனக்கும்தான். நாளைக்கு ஆபரேஷன். காலையில கெளம்புறதுக்கு முந்தி அந்த முழங்கால இன்னொருக்கா காட்டுவீங்களா?"