கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிய போட்டோ

"பெட்டியைக் கட்டும்மா. அந்தக் குடிகாரனோட இனி ஒரு நாள்கூட நீ இருக்க வேண்டாம்!"

அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தோள் பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். தப்பு நடக்குமுன்னே பிரேக் போட்டுப் பழகியவர்.

தங்கை காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நாலு மாசமாத்தான் வீடு வீடா இருக்கு. இப்ப என்னண்ணே?"

"நாலு மாசமா நாடகம் ஆடுறான்! சாமி முன்னாடி சத்தியம் பண்ணுன்னேன். மாட்டேன்னுட்டான். அப்பவே எனக்குச் சந்தேகம்."

"நாலு தடவை சத்தியம் பண்ணி நாலு தடவையும் மீறினவர்தானே? இந்தத் தடவை சாமியைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுட்டாரு."

"வியாழக்கிழமையானா ஒரு கூட்டத்துக்குப் போறானே, அங்க ஒரு பிரார்த்தனை உண்டா? பத்துப் பேர் நாற்காலி போட்டுப் பேசுறாங்களாம். பேசினா குடி போயிடுமா? யார் காதுல பூ சுத்துறான்?"

"பேசறது மட்டும் இல்லண்ணே..."

"நீ நம்புவே. நான் கண்ணால பார்த்துட்டேன். ஒயின் ஷாப்ல அவன் போட்டோவை ஒட்டி வெச்சிருக்காங்க! பாட்டிலை உடைச்சானோ, எவன் மண்டையை உடைச்சானோ. மானம் கப்பலேறிப் போச்சு."

அவர் குரல் உடைந்தது. அப்பா இல்லாத வீட்டில் தூக்கி வளர்த்த தங்கை. அவளை ஒரு குடிகாரனிடம் விட்டுவைக்க அவருக்கு மனசு வரவில்லை.

கத்தி நின்றது. "போட்டோ எங்கண்ணே இருந்துச்சு? வாசல்லயா?"

"வாசல்ல இல்லம்மா. உள்ளே, கல்லாவுக்குப் பின்னால..."

சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீ எதுக்குண்ணே உள்ளே போனே?"

"அது... சில்லறை மாத்த."

"போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்ததைப் படிக்கலையா?"

எப்படிப் படிப்பார்? தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, வந்த வேலையை முடித்துக்கொண்டு தலையைக் குனிந்து ஓடி வந்தவர் ஆயிற்றே.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்து வந்தாள்.

"பன்னெண்டு போட்டோ எடுத்தாரு. இந்த ஊர்ல பதினோரு கடை. ஒவ்வொண்ணுக்கும் அவரே போய், 'நான் வந்து காலைப் பிடிச்சாலும் எனக்குக் கொடுக்காதீங்க'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்தாரு. அந்தக் கூட்டத்துல கத்துக்கிட்ட வழிதான். வெட்கமா இல்லையான்னு கேட்டேன். தள்ளாடி வந்தப்ப இல்லாத வெட்கம் இப்ப எதுக்குன்னாரு."

கவரில் ஒரே ஒரு போட்டோ மிச்சம் இருந்தது. "இது எனக்கு" என்று திரும்ப உள்ளே வைத்தாள்.

அண்ணன் வாசல் பக்கம் திரும்பினார். பையில் ஏதோ கண்ணாடி இடிபடும் சத்தம் கேட்டது. தங்கை கேட்காதது மாதிரி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மாப்பிள்ளை போட்டோ எடுத்த ஸ்டூடியோ எதும்மா?"