வெளிப் பேர்

"இன்னைக்காவது சொல்லு தங்கச்சி. உன் நிஜப் பேர் என்ன?"

முன் பெஞ்சிலிருந்து திரும்பிக் கிசுகிசுத்தார் லாரி டிரைவர். லாரி ஓட்டிப் பழகிய தொண்டைக்குக் கிசுகிசுப்பு எங்கே வரும்? வகுப்பு முழுக்கக் கேட்டது.

கதவை ஒட்டிப் போட்டிருந்த ஒற்றை நாற்காலியில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேஜை மேல் ஸ்கேல் படீரென்று விழுந்தது.

"பாப்லோ!"

டிரைவர் எழுந்து நின்றார். இந்த ஸ்பானிஷ் வகுப்பில் அவர் பாப்லோ. அவள் பலோமா. பேர் வைத்தது டீச்சர். சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் முதல் விதியே அதுதான். வெளிப் பேரைக் குடையோடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே ஸ்பானிஷ் மட்டும்தான். காட்டிய இடத்தில்தான் உட்கார வேண்டும். டீச்சருக்கும் இதே விதிகள். அவரை 'செஞோரா', அதாவது 'அம்மா' என்றால் திரும்பிப் பார்ப்பார். வேறு பேர் யாருக்கும் தெரியாது. வகுப்பு முடியும்வரை நின்றுகொண்டேதான் நடத்துவார். முழங்கால் இரும்பு என்பது டிரைவரின் கண்டுபிடிப்பு.

விதியை மீறினால் கைகட்டி நின்று ஒப்பிக்க வேண்டும். எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாது.

"நோ சே, நோ சாபேஸ், நோ சாபே..." கல்யாண வயசில் மகள் இருக்கிற மனுஷன் ரெண்டாங்கிளாஸ் பையன் மாதிரி ஒப்பித்தார்.

"கல் நெஞ்சு," என்றார் பக்கத்திலிருந்த சமையல்காரம்மா, உதடு அசையாமல். "அந்தப் பொண்ணையும் பாரு, கதவிடுக்குல பல்லி மாதிரி ஒட்ட வெச்சிருக்கு."

பலோமாவுக்கு அந்த இடம் பிடித்துத்தான் இருந்தது. கதவு உள்பக்கம் திறந்தால் பலகை அவளை மறைத்துவிடும்.

ரெண்டு மாசமாக அண்ணன் கண்ணில் படாமல் இருக்கிறாள். போன தடவை பிடித்தபோது இழுத்துப்போய் அறையில் போட்டுப் பூட்டினான். அப்போது முறிந்த மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியிருக்கிறது. அடுத்த வாரம் பரீட்சை. தேறிவிட்டால் கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை காத்திருக்கிறது. அதுவரை அவன் கையில் சிக்கக் கூடாது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் ரெண்டாக உடைந்தது. துண்டுகளை மேஜையில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார். பலகை பலோமாவின் முழங்காலில் வந்து இடித்து நின்றது.

"வணக்கம்மா. என் தங்கச்சியைத் தேடி வந்தேன்."

அண்ணனேதான். ஒரு பலகைக்கு அந்தப் பக்கம்.

வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். அவளுடைய நிஜப் பேரை அவன் சொன்னான். அப்படி ஒரு பேரை வகுப்பில் யாரும் கேட்டதே இல்லை. ஒரு முகமும் மாறவில்லை.

டீச்சர் ஸ்பானிஷில் என்னவோ சொன்னார்.

"எனக்கு அதெல்லாம் புரியாதும்மா." டீச்சர் தோளுக்கு மேலாக டிரைவரிடம் செல்போனை நீட்டினான். "அண்ணே, நீங்க பாருங்க. இதான் அவ போட்டோ. எங்கம்மா ஆஸ்பத்திரியில இழுத்துக்கிட்டுக் கெடக்காங்க. எம் பொண்ணைக் கண்ணுல காட்டுங்கறாங்க. உசுரு அதுக்குத்தான் நிக்குது."

குரல் உடைந்தது. சமையல்காரம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா செத்து நாலு வருஷமாச்சு என்று கத்த வேண்டும்போல் இருந்தது பலோமாவுக்கு. கத்தினால் அவனுக்குத்தான் வசதி. போட்டோவைப் பார்த்த டிரைவரின் முகம் இளகுவது அவளுக்குத் தெரிந்தது. நல்ல மனுஷன். அந்த நல்ல மனசுதான் இப்போது காட்டிக்கொடுக்கப் போகிறது.

"அட, இந்தப் பொண்ணு..."

ஸ்கேல் சுவரில் படீரென்றது.

"பாப்லோ!"

டிரைவர் துள்ளி எழுந்தார். கை தானாகக் கட்டிக்கொண்டது.

"நோ சே. நோ சாபேஸ். நோ சாபே."

அண்ணன் சமையல்காரம்மா பக்கம் திரும்பினான். ஸ்கேலைப் பார்த்துக்கொண்டே அவரும் எழுந்தார். "நோ சே."

"சரியான கிறுக்குக் கூட்டம்." அவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்ததும் டீச்சர் கதவைத் தாழ் போட்டார்.

"தப்பு டீச்சர்." டிரைவர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "நூறு தடவை வேணாலும் ஒப்பிக்கிறேன். பெத்தவளோட கடைசி ஆசைங்க அது. உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

பலோமா எழுந்தாள். விதியை மீறாமல், தெரிந்த ஸ்பானிஷை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சொன்னாள்.

"அம்மா இல்லை. இறந்து நாலு வருஷம்."

பிறகு கோணல் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இது, என் அண்ணன்."

டிரைவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் டிரைவர் பலோமாவுக்காகப் படியிலேயே நின்றார்.

"நான் முன்னால போய்த் தெருவைப் பாக்கறேன். கை காட்டினா வா."

"அண்ணே, என் பேரு..."

அவசரமாக ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வேணாம் தாயி. தெரியாதவன் வாயிலேர்ந்து யாரும் எதையும் பிடுங்க முடியாது." பிறகு மெல்லக் கேட்டார். "டீச்சர்கிட்ட முன்னாடியே எல்லாம் சொல்லி வெச்சிருந்தியா? அதனாலதான் அந்த இடத்துல உக்கார வெச்சாங்களா?"

"நான் எதுவும் சொல்லலை. அவங்களும் கேக்கலை."

"அப்புறம் எப்படி?"

"முதல் நாள் எல்லாருக்கும் முன்னாடி நான்தான் வந்தேன். ரூம்ல யாருமே இல்லேன்னு நெனச்சேன். கதவைச் சாத்தலாம்னு திரும்பினா, கதவுக்குப் பின்னால அந்த நாற்காலியில டீச்சர் ஒடுங்கி உக்காந்திருந்தாங்க."