சாத்திய அறையின் காற்று

வாசற்கதவில் பொருத்திய பெரிய விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கிறது. ஏசி குளிர் எந்த இடுக்கில் வீணாகிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை. கூடத்துத் திரைச்சீலைகள் உள்பக்கமாக உப்புகின்றன. படுக்கையறை மட்டும் சாத்தியிருக்கிறது. அவன் மனைவி இறந்து நாலு மாதமாகியும் அவள் வாசம் அதற்குள் மிச்சமிருக்கிறது. “அதையும் திறங்க தம்பி. உள்ள என்ன புதையலா இருக்கு?” என்கிறார் சோதனைக்காரர். “அந்த ரூமை விட்டுடுங்கண்ணே.” “விட்டா கணக்கு தப்பா வருமே.” “வரட்டும்ணே.” படுக்கையறைக் கதவின் அடியிடுக்கில் கசிந்து வரும் காற்று அவன் கணுக்காலைத் தொடுகிறது. சட்டென்று மண்டியிட்டு, சட்டையைக் கழற்றிச் சுருட்டுகிறான். இடுக்கை அடைக்குமுன் குனிந்து மூச்சை ஆழமாக இழுக்கிறான். வெளியே விட மனம் வரவில்லை.